விசாரணை

இரவு பதினொன்று நாற்பது.
அச்சுக்குப் போக இருபது நிமிடம்.
முதல் பக்கத்தின் கீழ் மூலை காலி.
ஒரு பத்தி அகலம், தலைப்புக்கு இரண்டே வரி.

வந்த செய்தி இது:
ரஸ்ஸல் ஹேக்ஸ்ட்ரோம், அறுபத்தொன்று,
கிழங்கு லாரி ஓட்டுகிறவர்,
பாலத்துப் பனியில் வழுக்கி
சொந்தக் காரோடு ஆற்றில் விழுந்தார்.
பயிற்சி முடிந்து விடுதிக்கு நடந்துகொண்டிருந்த
மலகாய் வைனிகோலோ
பார்த்தான், குதித்தான்,
உடைந்த கண்ணாடிக்குள் கைவிட்டு இழுத்தான்.
கரை சேர்ந்தபோது அவருக்கு மூச்சு இருந்தது.
ஆம்புலன்ஸ் வந்தபோது இல்லை.

நான் எழுதினேன்:

    கார் விபத்தில் ஒருவர் பலி:
    கல்லூரி வீரரிடம் போலீஸ் விசாரணை

இதில் எந்தச் சொல் பொய், காட்டுங்கள்.
விபத்து நடந்தது. ஒருவர் இறந்தார்.
பையன் கல்லூரிதான். கால்பந்து அணியில்
ஐம்பத்து நான்காம் எண் சட்டை.
போலீஸ் விசாரித்ததும் நிஜம்.
டெப்ரா கோல் என்ற அதிகாரி
தன் கோட்டைக் கழற்றி அவனுக்குப் போர்த்தி
விசாரித்திருக்கிறார்:
ரொம்பக் குளிர்கிறதா?
விரலை மடக்க முடிகிறதா?
அம்மாவுக்குச் சொல்லட்டுமா?

அறிக்கையில் எல்லாம் இருந்தது.
படித்துவிட்டுத்தான் எழுதினேன்.

'வீரர்' என்று போட்டேன்.
பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கும்
அவனை மறித்து விழுத்துகிறவனுக்கும்
எங்கள் மேசையில் வைக்கிற பேர்.
அதற்கு இன்னொரு பொருள் உண்டு என்பது
அன்றிரவு நினைவுக்கு வரவில்லை.

பொய் சொன்னது அந்த முக்காற்புள்ளி.
மேலொன்று கீழொன்றாய் இரண்டு பொட்டு.
இந்தப் பக்கம் பிணம், அந்தப் பக்கம் பையன்.
நடுவே ஒரு பாலம் போட்டேன்,
வழுக்கும் என்று தெரிந்தே.

சால்ட் லேக் சிட்டி.
மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் அதிகாலை ஷிஃப்ட்.
யாரோ ஒருத்தி போனை நீட்டினாள்:
"மெலே, இது உன் மகன் கல்லூரிதானே?"
மெலே வைனிகோலோ கையிலிருந்த விரிப்பை
மூலைக்கு மூலை சேர்த்து மடித்து முடித்துவிட்டு
மகனை அழைத்தாள்.
எடுக்கவில்லை.
இரண்டு கையிலும் கட்டு என்று
அவளுக்கு எப்படித் தெரியும்?
எடுக்காததையே பதிலாக வைத்துக்கொண்டு
மதியம் வரை மடித்தாள்.

சனிக்கிழமை ஆட்டம்.
எதிரணிக் கூட்டம் சட்டைப் பையிலிருந்து
கார் சாவிகளை எடுத்து ஆட்டியது.
ஆயிரம் கொத்துச் சாவிகள்,
ஒரே சலசலப்பு.
பெஞ்சில் கட்டுக் கைகளோடு இருந்தவன்
ஏதோ புதுவிதக் கைதட்டல் என்று நினைத்து
முதல் கால்மணி நேரம் சிரித்துக்கொண்டிருந்தானாம்.
எங்கள் விளையாட்டு நிருபர் வந்து சொன்னான்.
அவனும் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

திருத்தம் போட்டோம். போடாமல் இல்லை.
நான்காம் நாள், இரண்டாம் பக்கம்,
டயர் தள்ளுபடி விளம்பரத்துக்குக் கீழே:
'விசாரிக்கப்பட்ட மாணவர் சாட்சி மட்டுமே.'
அங்கும் பாருங்கள்,
ஒரு 'மட்டுமே' கிடைத்துவிட்டது எனக்கு.

திங்கட்கிழமை ஒரு பெண்மணி வந்தார்.
பனிக்காலணி, ஆண்களின் பெரிய மேல்கோட்டு,
கையுறைக்குள் மடித்த துண்டுக் காகிதம்.
என் இரண்டு வரி.
வெர்னா ஹேக்ஸ்ட்ரோம் என்றார்.
கத்தப்போகிறார் என்று எழுந்து நின்றேன்.

"இந்தப் பையனிடம் விசாரித்ததாகப் போட்டிருக்கிறீர்களே,
என்ன சொன்னானாம்?
கரையில் கிடந்தபோது ரஸ் ஏதாவது பேசினாரா?
செய்தி முழுக்கத் தேடினேன், இல்லை.
எனக்கும் அவனிடம் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்."

ஊரே படித்த தலைப்பு.
அதில் கேட்க ஒரு கேள்வி இருந்தது
இவர் ஒருத்திக்குத்தான்.

அந்தத் துண்டின் பின்பக்க ஓரத்தில்
விடுதியின் பெயர், அறை எண் எழுதினேன்.
அதற்குக் கீழே:
'இரண்டு கையிலும் கட்டு,
கதவு திறக்க நேரமாகும்,
தட்டிவிட்டுக் காத்திருங்கள்.'

இடம் இருந்தது.